நீலக்கரைப் பீங்கான்

— இந்தப் பக்கம் வந்து இரு, ராசையா. அந்தக் காதுப் பக்கம் இருந்தா நீ கதைக்கிறது சுவருக்குத்தான் கேக்கும்.

— இருக்கிறதுக்கு வரேல்ல, தாகிர். ஒரு கதை சொல்லிப்போட்டுப் போவமெண்டு வந்தனான். மேலெல்லாம் மா. உன்ர கதிரை வெள்ளையாப் போகும்.

— போனா துடைப்பம். சின்னனில இருந்து பழக்கம், ஒரு கதிரைக்கா பாக்காய்? இரு. ஸாலிஹா, ரெண்டு தேத்தண்ணி. ராசையா வந்திரிக்கான்.

— தெரியுதுதானே. என்ன ராசையாண்ணன், தலையெல்லாம் மா, கண்ணிமையிலயும் மா. வீட்ட போகாமலா வாறீங்க?

— ஓம் தங்கச்சி. நேற்றுக் காலமை மாக்கப்பலுக்கு ஏறினது. மூட்டை முடியுமட்டும் ஒருத்தரும் இறங்கக் கூடாதெண்டு சொல்லிப்போட்டாங்கள். சாப்பாடு, படுக்கை எல்லாம் கப்பலுக்குள்ளதான். இப்பதான் கரையில கால் வைக்கிறன். நேர இஞ்ச வாறன்.

— அப்ப பூரணியக் காணல்லயா? ரத்தினத்தையும்?

— பெண்டிலையும் காணேல்ல, பிள்ளையையும் காணேல்ல. ஏன்?

— ஒண்டுமில்ல. தேத்தண்ணி ஊத்தியாறன்.

— நான் நினைச்சன், நீ கேள்விப்பட்டுத்தான் வாறாய் எண்டு.

— என்னத்தைக் கேள்விப்படுறது? ரெண்டு நாளா மூட்டைக்கு அடியில கிடந்தவனுக்கு ஆர் வந்து என்ன சொல்லுறது? அதென்ன, காதுக்குள்ள பஞ்சு?

— தண்ணி போயிட்டு.

— வலக்காதுக்குள்ளயோ? உனக்குக் கேக்கிறதே அந்த ஒண்டுதானே.

— அத விடு. நீ வந்த காரியத்தச் சொல்லு. பொறகு நானும் ஒண்டு சொல்லணும்.

— ஜெமீல் எங்க?

— உள்ளதான் கிடக்கான், ராசையாண்ணன். சுவரப் பாத்துக்கொண்டு. பகல்சோறும் வேணாமாம். வாப்பாவோட கதைக்கவும் மாட்டானாம்.

— நாளைக்குப் போட்டியெல்லோ. பொடியனுக்கு அந்த யோசனைதான் இருக்கும். எங்களுக்கும் அப்பிடித்தானே இருந்தது, என்ன தாகிர்?

— ஸாலிஹா, தேத்தண்ணி கொதிச்சிரிக்கும். போய்ப் பாரு.

— பூனைதான் பாக்கணும். அடுப்பே இன்னம் பத்தல்ல.

— அப்ப போய்ப் பத்து.

— தாகிர், நான் வந்ததும் அந்தப் போட்டியைப் பற்றித்தான்.

— எந்தப் போட்டி?

— என்னடாப்பா எந்தப் போட்டி எண்டு கேக்கிறாய்? நாளைக்குச் சனிக்கிழமை விடிய, பீங்கான் எடுப்பு. நீ இனி மேல நிண்டு வேலை பாக்கப்போறியாம், உன்ர இடத்துக்குக் கப்பலடி சுரண்டப் புதுச் சுழியோடி ஒருத்தனை எடுக்கப்போயினமாம் எண்டு துறைமுக ஜெட்டி முழுக்கக் கதை. கொந்தராத்துக்காரரும் உன்ர பேச்சைக் கேட்டு, கடலுக்குள்ள எறியிற பீங்கான் தட்டை எடுக்கிறவனுக்குத்தான் வேலை எண்டு சொல்லிப்போட்டார். மீசை முளைச்ச பதினாறு பொடியள் துவங்கி இப்ப நிக்கிறது ரெண்டே ரெண்டு. உன்ர ஜெமீல், என்ர ரத்தினம்.

— ராசையா, அந்தப் போட்டி என்னெண்டா—

— கேளன். என்னைக் கதைக்க விடு. இப்ப ஒருக்கா வாயை மூடினனெண்டா, திரும்பத் திறக்க இன்னுமொரு முப்பது வருசம் போகும்.

— சரி. சொல்லு.

— ரத்தினம் எடுக்கக் கூடாது.

— என்ன எடுக்கக் கூடாது?

— பீங்கானை. அவன்ர கையில கிடைக்கக் கூடாது. போடுறவன் நீதானே. நீ நினைச்சா அவனுக்குக் கிடைக்காமச் செய்யலாம்.

— பொறு. இந்தப் பஞ்ச எடுத்திட்டுக் கேக்கன். திரும்பச் சொல்லு.

— என்ர மகன் தோக்கவேணும்.

— கேட்டது சரிதான். ஊர் உலகத்தில தகப்பன்மார் வந்து, என்ட மகனுக்குக் கொஞ்சம் பாத்துச் செய்யுங்க எண்டுதான் கேப்பானுகள். நீ என்னடாண்டா தோக்கடிச்சு விடு எண்டு கேக்காய். என்ன மச்சான், பொறாமையா? ரெண்டாம் நம்பர்ட மகன் முதலாம் நம்பர் ஆயிடுவான் எண்டு?

— பகிடி விடாத, தாகிர்.

— இது இண்டைக்கு விடுற பகிடியா? முப்பத்தொரு வருசமா தேத்தண்ணிக் கடையில 'ரெண்டாம் நம்பருக்கு ஒரு பிளேன்டீ' எண்டு நான் சொல்லாம நீ எப்ப குடிச்சிரிக்காய்?

— எல்லாம் குடிச்சனான். ஒருநாளும் கோவிக்கேல்ல. ஏன் கோவிக்கேல்ல எண்டு நீ ஒருக்காலாவது யோசிச்சனியோ?

— யோசிக்க என்ன இரிக்கி? நீ நல்லவன். தோத்தத ஒத்துக்கொண்டவன்.

— அந்த நாள் உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கு?

— நான் மவுத்தானாலும் மறக்கமாட்டன். சுதந்திரம் கிடைச்சு ரெண்டாம் வருசம், ஆடி மாசம். அண்டைக்கும் சனிக்கிழமைதான். உனக்கும் எனக்கும் பதின்மூண்டு வயசு. கிண்ணியா, மூதூர், டவுண் எல்லாம் சேத்து முப்பத்திரெண்டு பொடியனுகள் துவங்கின போட்டி, கடைசியில நீயும் நானும். ஜெட்டி முழுக்கச் சனம். வள்ளத்திலயும் நிண்டு பாத்தாங்க. மேஸ்திரி அந்த எனாமல் பீங்கானத் தலைக்கு மேல தூக்கிக் காட்டினார். வெள்ளைப் பீங்கான், சுத்திவர நீலக்கரை. வெயில் பட்டு மின்னிச்சு. எடுக்கிறவனுக்குப் பீங்கானும் சொந்தம், சுழியோடிக் கூட்டத்தில வேலையும் சொந்தம். முதல்ல கயிறு புடிக்கிறது, மீசை முளைச்சா இறங்கிறது.

— மூண்டு தரம் போட்டவர்.

— மூண்டு தரம். போடக்குள்ள நாம கடலுக்கு முதுகு காட்டி நிக்கணும். பாக்கேலாது. விழுற சத்தத்த வைச்சுத்தான் கணக்கு. 'களுக்' எண்டு கேட்டா, நெட்டுக்குத்தா விழுந்திரிக்கி. கல்லுப் போல நேர காலடிக்குப் போகும். குருடனும் எடுப்பான். 'சப்' எண்டு கேட்டா, தட்டையா விழுந்தது. வாழையிலை மாதிரி ஆடி ஆடி எங்கயோ போகும். நாலு பாகம், நாலு ஆள் ஆழம் போறதுக்குள்ள எந்தப் பக்கம் சரிஞ்சு எங்க படுக்கும் எண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

— முதலாவதை நீ எடுத்தாய். ரெண்டாவதை நான்.

— மூண்டாவது 'சப்'.

— ஓம். 'சப்'.

— குதிச்சன். அடியில ஒரே கலங்கல். கைய விரிச்சு விரிச்சுச் சேத்தத் தடவுறன், சிப்பி கிழிக்குது, நெஞ்சு வெடிக்கப் பாக்குது. இனி ஏலா, மேல போவம் எண்டு காலை உதறக்குள்ள, ரப்பே, அது தானா வந்து என்ட விரல்ல பட்டிச்சு. ஆரோ கொண்டுவந்து தந்த மாதிரி. மேல வந்து பாத்தன், நீ வெறுங்கையோட மூச்சு வாங்கிக்கொண்டு மிதக்காய். என்ட வாப்பா உடுப்போட கடலுக்குள்ள குதிச்சிட்டார். ஜெட்டியில இருந்து பள்ளிவாசல்மட்டும் என்னத் தோள்ல வைச்சுக்கொண்டு போனார்.

— என்ட வாப்பாவும் அந்தக் கூட்டத்தில நிண்டவர்தான், ராசையாண்ணன். அண்டைக்கே சொல்லிட்டாராம், இந்தப் பொடியனுக்குத்தான் என்ட மகளக் குடுப்பன் எண்டு. எனக்கு அப்ப ஏழு வயசு. இந்தாங்க, தேத்தண்ணி. சீனி பத்தாட்டிச் சொல்லுங்க.

— காணும் தங்கச்சி. நாளைக்குப் போடப்போறதும் அந்தப் பீங்கான்தானே, அலுமாரிக்கு மேல காணேல்ல? எப்ப வந்தாலும் அதுதானே முதல்ல கண்ணில படும்.

— அது... குசினியில காயுது.

— கழுவினனீங்களோ?

— நனைஞ்சிட்டு.

— ஸாலிஹா.

— நான் என்ன சொன்ன? நனைஞ்சிட்டு எண்டுதானே சொன்ன.

— தாகிர், இப்ப நான் ஒண்டு கேக்கிறன். என்ர அப்பா என்னத்தில செத்தவர்?

— இதென்ன கேள்வி? காய்ச்சல்ல. போட்டி முடிஞ்சு ரெண்டு மூண்டு மாசத்தில. நானும் வாப்பாவும் வந்து உங்கட வாசல்ல நிண்டமே.

— காய்ச்சல் எண்டது ஊருக்குச் சொன்னது. அவரும் சுழியோடிதானே. வெள்ளைக்காரன்ர காலத்தில பித்தளைத் தொப்பி போட்டு இறங்கினவர். தொப்பியைக் கழட்டினா காதால ரத்தம் வடியும். பஞ்சை வைச்சு அடைச்சுப்போட்டு, அதுக்கு மேல லேஞ்சித் துணியைக் கட்டிக்கொண்டு சம்பளத்துக்கு நிப்பார். வெளியில தெரிஞ்சா வேலையால நிப்பாட்டிப்போடுவாங்கள். சுழியோடியள் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம். ஆர் கேட்டாலும் ஒரே பதில்தான்.

— என்ன பதில்?

— 'தண்ணி போயிட்டுது.' இப்ப நீ எனக்குச் சொன்னதுதான்.

— சொல்லு. கேட்டுக்கொண்டுதான் இரிக்கன்.

— கடைசி வருசம் அவருக்கு நேர நடக்க ஏலாமப் போச்சுது. காதுக்குள்ள என்னவோ ஒண்டு பிசகினா மனிசனுக்கு நிலம் சரிவாத் தெரியுமாம். சுவரைப் பிடிச்சுக்கொண்டுதான் நடப்பார். உள்ளங்கையை விரிச்சு, இப்பிடி. றோட்டில விழுந்தெழும்பி வாறதைப் பாத்துச் சனம் வெறியெண்டு சிரிச்சுது. ஒரு சொட்டு வாயில வைக்காத மனிசன். ஒருநாள் விடியமுன்னம், ஒருத்தருமில்லாத நேரத்தில, ஜெட்டிப் படியில கால் வழுக்கி, தண்ணிக்குள்ள. சுழியோடி, தாகிர். இடுப்பளவு தண்ணியில எது மேல எது கீழ எண்டு தெரியாமச் செத்தவர். காது போனது தெரிஞ்சா வேலைக்காசு கிடைக்காமப் போயிடுமெண்டு அம்மா காய்ச்சல் எண்டு சொன்னவ.

— சுவரப் புடிச்சா நடந்தவர்?

— ஓம்.

— ஸாலிஹா, நீ உள்ள போ.

— ஏன் போகணும்? எனக்கும் காதிரிக்கி. ராசையாண்ணன், இவரும் அப்பிடித்தான். பத்து நாளாச்சு. குசினிக்கு வாறதெண்டாலும் சுவரத் தடவித் தடவித்தான் வாறார். சுவரெல்லாம் கை அடையாளம்.

— வாய மூடு புள்ள.

— மூடமாட்டன். டாக்குத்தர் சொன்னதையும் சொல்லுவன். இடக்காது போனது போனதுதானாம். இன்னொருக்கா இறங்கினா வலக்காதும் போயிடுமாம். மேல நிண்டு வேலை பாக்கிற பதவியாம். அதெல்லாம் இவர் ஜெட்டியில அவிழ்த்து விட்ட கதை. வேலையே இல்ல இவருக்கு. நிப்பாட்டியாச்சு.

— உண்மையோ, தாகிர்?

— அவதான் சொல்லிட்டாளே.

— அப்ப உனக்குத் தெரியும். இந்த வேலை என்ன செய்யுமெண்டு உனக்கு என்னைவிட வடிவாத் தெரியும்.

— தெரியும்.

— தெரிஞ்சுகொண்டோ ஜெமீலைப் போட்டிக்கு விட்டனீ?

— நான் விடல்ல. அவனா வந்து நிண்டவன். முதலாம் நம்பர்ட மகன் முதலாம் நம்பராத்தான் வருவான் எண்டு சின்னனில இருந்து நான்தானே சொல்லிச் சொல்லி வளத்த. இப்ப வந்து இறங்காத எண்டா கேப்பானா? அத விடு. உன்ட கதைய முடி. உனக்கு இதெல்லாம் எப்பயிருந்து தெரியும்?

— எதெல்லாம்?

— காது. ரத்தம். சுவரு. எப்பயிருந்து தெரியும்?

— அப்பயிருந்தே தெரியும்.

— எப்பயிருந்தே?

— நானும் நீயும் ஜெட்டியில முதுகு காட்டி நிக்கேக்க எனக்குத் தெரியும். அப்பா அப்ப வீட்டில சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். அண்டைக்குக் காலமை அம்மா எனக்குப் பழஞ்சோறு பிசைஞ்சு தந்துபோட்டு, கையைக் கழுவாமலே என்ர நாடியைப் பிடிச்சுக்கொண்டு சொன்னவ, 'வெறுங்கையோட வா, ராசா' எண்டு. அவ்வளவுதான். வேறொண்டும் சொல்லேல்ல.

— வெறுங்கையோட வா எண்டா?

— தோத்துப்போட்டு வா எண்டு.

— நீ என்ன சொல்லாய், ராசையா?

— நான் தோக்கேல்ல, தாகிர். விட்டனான்.

— பொய்.

— பொய் சொல்ல வேணுமெண்டா முப்பத்தொரு வருசத்துக்கு முதல் சொல்லியிருப்பன், ரெண்டாம் நம்பர் எண்டு நீ கூப்பிட்ட முதல் நாளே.

— அடியில ஒரே கலங்கல். பீங்கான் உன்ட கண்ணுக்கே பட்டிரிக்காது. கிடைக்காததுக்கு இப்ப கதை கட்டாய்.

— ஜெட்டிக்குக் கீழ மூண்டாம் தூணோட சாஞ்சு நிண்டது. நீலக்கரையில ஒரு இடத்தில எனாமல் கழண்டு கறுப்பு அடிச்சிருக்கும், உன்ர சின்னி விரல் நகமளவு. அந்தக் கறுப்பைக்கூடக் கண்டனான்.

— மூண்டாம் தூண் என்ட பக்கம் இல்ல.

— இல்ல. என்ர பக்கம். உனக்கும் அதுக்கும் இடையில ரெண்டு ஆள் நீளம். நீ அங்கால சேத்தைத் தடவிக்கொண்டு நிக்கிறாய். காலை உதறுறாய், மேல போகப் பாக்கிறாய்.

— அப்ப அது எப்பிடி என்ட கையில வந்த?

— நீ மேல போனா, ரெண்டு பேருக்கும் இல்லையெண்டு திரும்பப் போடுவாங்கள். நாலாந்தரம், அஞ்சாந்தரம் எண்டு போட்டுக்கொண்டே இருப்பாங்கள். அப்பாவோட வேலை செய்தவங்கள் மேல நிண்டு என்னைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள். நீ எடுத்தாத்தான் எல்லாம் முடியும். எடுத்துக்கொண்டு வந்து உன்ர விரலில படுறமாதிரி வைச்சன். நீ பிடிக்கேல்ல. இன்னுங்கொஞ்சம் தள்ளி விட்டன். பிடிச்சாய்.

— ரப்பே.

— பிடிச்ச உடன நான் அங்கால திரும்பி, வேற வழியா மேல வந்தனான். வெறுங்கையோட.

— ஆரோ கொண்டுவந்து தந்த மாதிரி எண்டு நான் எத்தினை பேருக்குச் சொல்லியிரிக்கன். பள்ளிவாசல்ல வைச்சுச் சொல்லியிரிக்கன். ஜெமீலுக்குத் தொட்டில்ல சொல்லியிரிக்கன். நீயும் பக்கத்தில இருந்து கேட்டிரிக்காய்.

— கேட்டிருக்கிறன்.

— அப்ப என்ட வாப்பா ஆரப் பாத்து என்னக் குடுத்தவர்?

— தங்கச்சி, நீங்க கோவிக்காதேங்கோ.

— நான் கோவிக்கல்ல, ராசையாண்ணன். கேட்டுப் பாக்கன். இவ்வளவு காலமும் அந்தப் பீங்கானத் தூசி தட்டி வைச்ச நான்தானே.

— ரெண்டு விரலால தள்ளி என்ட காதக் கொண்டுபோயிட்டாய், ராசையா.

— ஓம்.

— ஒரு சொல்லுச் சொல்லியிரிக்கலாமே. அண்டைக்கில்லாட்டி அடுத்த நாள். நான் கயிறு புடிச்ச நாலு வருசத்தில ஒரு நாள். முதன்முதலா நான் இறங்கின நாள் நீயும் ஜெட்டியில நிண்டு கை தட்டினாய். எனக்கு இடக்காது போன வருசம் வந்து என்ட தோள்ல கை போட்டுக்கொண்டு அழுதாய். அப்பவும் சொல்லல்ல.

— சொல்ல ஏலாமப் போச்சுது. நீ சிரிச்சுக்கொண்டு வருவாய், சொல்லுவமெண்டு வாயெடுப்பன், நீ 'ரெண்டாம் நம்பர்' எண்டுவாய். அந்தப் பகிடி எனக்குத் தண்டனை மாதிரி. சரி, இதையாவது கேட்டுக்கொண்டிருப்பம் எண்டு இருந்திட்டன். மூட்டை தூக்கி என்ர முதுகு போட்டுது, தாகிர். குனிஞ்சா நிமிர ஏலாது. ஆனா பூரணி குசினிக்குள்ள முணுமுணுத்தாலும் எனக்குக் கேக்குது. அது கேக்கிற நேரமெல்லாம் உன்ர ஞாபகம் வரும்.

— எப்பிடியடா முடிஞ்சது உனக்கு? இந்த வேலை மனிசன என்ன செய்யும் எண்டு தெரிஞ்சுகொண்டு, பக்கத்தில நிக்கிற இன்னொருத்தன்ட புள்ளைய எப்பிடியடா...

— சொல்லு. முடி. நான் கேக்கவேணுமெண்டுதான் வந்தனான்.

— வேணாம். எனக்குச் சொல்ல வரல்ல.

— அதாலதான் கேக்கிறன், தாகிர். நாளைக்கு அது திரும்ப நடக்கக் கூடாது.

— உன்ட மகன் தோக்கணும், என்ட மகன் இறங்கணும். அதானே கேட்டு வந்தாய்? திரும்பவும் அதேதானே?

— இல்லையடாப்பா. நீ என்னைக் கதையை முடிக்க விடேல்ல. ரத்தினமும் எடுக்க வேண்டாம், ஜெமீலும் எடுக்க வேண்டாம். கப்பலுக்குள்ள மூட்டைக்கு மேல படுத்துக்கிடந்து இதைத்தான் யோசிச்சனான். என்ர பிள்ளையை மட்டும் காப்பாத்துறதெண்டா உன்னட்ட வரவேண்டிய தேவையில்ல, அம்மா எனக்குச் சொன்னமாதிரி நானும் அவனுக்குச் சொல்லிப்போட்டு இருந்திருப்பன். அது காணாது. நாளைக்கு நீ பீங்கானைத் தட்டையா எறி. தூண்களுக்கு அங்கால, நீரோட்டத்துக்குள்ள. 'சப்' எண்டு விழட்டும். எத்தினை தரம் போட்டாலும் அப்பிடியே போடு. ரெண்டு பொடியளும் வெறுங்கையோட மேல வரட்டும். கொந்தராத்துக்காரர் கொழும்பில இருந்து ஆரையாவது கொண்டுவரட்டும்.

— ராசையா.

— ஜெமீலுக்குக் கோவம் வரும். வரட்டும். ரத்தினத்துக்கும் வரும். ரெண்டு பேரையும் நான் மூட்டைக்குக் கூட்டிக்கொண்டு போறன். முதுகு போனா போகட்டும்.

— ராசையா, நீ அண்டைக்குச் செஞ்சதுக்கு மன்னிப்பிரிக்கி.

— உன்னால மன்னிக்க ஏலுமோ?

— உனக்கு அப்ப பதின்மூண்டு வயசு. உம்மா சொன்னதக் கேட்டாய். பதின்மூண்டு வயசுப் புள்ளைக்கு மன்னிப்பிரிக்கி. எனக்கு இப்ப நாப்பத்திநாலு.

— அதுக்கும் இதுக்கும் என்ன? நாளைக்குத் தட்டையாப் போடுவியோ, மாட்டியோ? அதை மட்டும் சொல்லு.

— இஞ்சே, சொல்லுங்களன். அவர் இன்னம் வீட்டையும் போகல்ல. வேற ஆரும் சொல்லி அறியவா விடப்போறீங்க?

— என்னத்தை அறியிறது? ரெண்டு பேரும் ஏன் ஒருத்தரை ஒருத்தர் பாக்கிறியள்?

— நாளைக்கு வரவேண்டிய எண்ணெய்க்கப்பல் இண்டைக்கு விடியவே வந்திட்டு, ராசையா.

— வந்தா?

— அடி முழுக்கச் சிப்பி புடிச்சிரிக்கி. ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போகணுமாம். கொந்தராத்துக்காரர் வந்து, இண்டைக்கே ஆள் வேணும், இப்பவே பீங்கானப் போடு எண்டு நிண்டார்.

— ஸாலிஹா தங்கச்சி, நீங்க எங்க போறியள்? இவன் என்ன சொல்றான்?

— குசினிக்குத்தான். இந்தா வாறன்.

— தாகிர், இப்பவே எண்டா? எப்ப?

— ஜும்மாவுக்கு முந்தி. பத்து மணிக்கு.

— ஜெமீல் சுவரைப் பாத்துக்கொண்டு கிடக்கிறான் எண்டியள்.

— ஓம்.

— சோறும் வேண்டாமெண்டு.

— ஓம்.

— இந்தாங்க, ராசையாண்ணன். கையில வாங்குங்க. இன்னம் வடிவாக் காயல்ல. ரத்தினம் வள்ளத்தில ஏற முந்தி ஓடி வந்து தந்துட்டுப் போனவன். 'மாமி, அப்பா மாக்கப்பலால வந்தா முதல்ல இதக் குடுங்க, நான் எடுத்திட்டன் எண்டு சொல்லுங்க' எண்டவன். முகமெல்லாம் சிரிப்பு.

— இந்தக் கறுப்பு அப்பிடியே இருக்கு. சின்னி விரல் நகமளவு.

— ராசையாண்ணன், இருங்க. எழும்பாதீங்க.

— வள்ளத்தில ஏறிப் போனவனெண்டா, இப்ப எங்க?

— ரெண்டு மணியில இருந்து கப்பலுக்குக் கீழதான் நிக்கான். குழாயில காத்துப் போகுது, ஆள் நிண்டு பாக்குது. பயமில்ல.

— ஜெமீல் ரத்தினத்தைவிட நல்லா மூச்சடக்குவான், தாகிர். ஊருக்கே தெரியும். எந்தப் பக்கம் சரிஞ்சாலும் ஜெமீல்தான் முதல்ல போவான். என்ர பொடியன் எப்பிடி எடுத்தவன்? 'சப்' எண்டு விழுந்ததை அவன் எப்பிடி எடுத்தவன்?

— 'சப்' எண்டு விழல்ல, மச்சான். ரெண்டு பேரும் முதுகு காட்டி நிண்டானுகள். உன்ட மகன்ட காலடியில நான் நெட்டுக்குத்தா விட்டன்.